துப்பறியும் கதைகளை எந்த வரிசையில் படிப்பது? தோட்டப்புற ஊர்களின் புது வாசகர்களுக்கு ஒரு வழிகாட்டி

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் நாங்கள் சிலர் மாதத்துக்கு ஒருமுறை கூடிப் புத்தகம் பேசுகிறோம். எஸ்.பி.எம். முடித்த பிள்ளைகள், ஈப்போ தொழிற்சாலைகளில் ஷிஃப்ட் வேலை செய்கிறவர்கள், ஓய்வுபெற்ற கிராணியார், தமிழ்ப்பள்ளி ஆசிரியைகள் என்று கலவையான கூட்டம். துப்பறியும் கதை என்றதும் ஷெர்லாக் ஹோம்ஸ் பெயர் எல்லோருக்கும் தெரிகிறது. படித்தவர்கள் குறைவு. ஆசையோடு தடித்த தொகுப்பை வாங்கி, முதல் நாவலின் பாதியிலேயே நின்றுபோனவர்களும் உண்டு. எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: எதை முதலில் படிப்பது, அப்புறம் எதை? என் வரிசையை இங்கே சொல்கிறேன்.

இந்த வரிசைக்கு ஒரு காரணம் உண்டு. ‘யார் செய்தது’ என்ற கேள்வி கதையைத் தானாகவே இழுத்துக்கொண்டு போகும். துப்பறிகிறவர் அதை எப்படித் தெரிந்துகொள்கிறார் என்பதைத்தான் வாசகர் கவனிக்க வேண்டும். லண்டன்காரர் ஒரு வழியில் தெரிந்துகொள்வார், கிராமத்துப் பாட்டி இன்னொரு வழியில், சீன நீதிபதி வேறொரு வழியில். எதை மறைப்பார்கள், யாரிடம் மனம்விட்டுப் பேசுவார்கள், யாரைக் கண்டால் வாயை மூடிக்கொள்வார்கள் என்பதெல்லாம் ஊருக்கு ஊர் மாறுமல்லவா? ஆகவே துப்பறிவாளரைப் படிப்பது அவருடைய ஊரைப் படிப்பதுதான். தெளிவான முறை உள்ளவரிடம் தொடங்கி, சின்ன ஊர்களுக்குப் போய், ஆசியாவையும் ஆப்பிரிக்காவையும் பார்த்துவிட்டு, கடைசியில் நம் ஊர்ப்பக்கம் வந்து சேரலாம்.

தொடங்குமுன்

ஒரு சின்ன நோட்டும் பென்சிலும் வைத்துக்கொள்ளுங்கள். கதை முக்கால் பங்கு ஓடியதும் நிறுத்தி, யார், எப்படி, ஏன் என்று மூன்று வரி எழுதுங்கள். ஒவ்வொரு வரிக்கும் கதையிலிருந்தே ஓர் ஆதாரம் காட்ட வேண்டும். ‘அவன் முழியே சரியில்லை’ என்பது ஆதாரமாகாது.

ஆதாரம் என்றால் என்ன என்பதில் சந்தேகம் இருந்தால் சிலப்பதிகாரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அரசியின் சிலம்பைத் திருடிய பொற்கொல்லன் பழியைக் கோவலன்மேல் போட்டான். பாண்டியன் விசாரிக்காமல் ஆணையிட்டான். கண்ணகி அவைக்கு வந்து, தன் சிலம்பில் இருப்பது மாணிக்கப் பரல் என்றாள். அரசியின் சிலம்பில் இருப்பது முத்து என்று அரசனே சொன்னான். சிலம்பை உடைத்ததும் மாணிக்கம் தெறித்தது. எதிராளியின் வாயாலேயே ஓர் உண்மையைச் சொல்லவைத்து, பிறகு அவன் கண்முன்னே நிரூபிப்பது. இதைவிடத் தெளிவான நிரூபணத்தைப் பின்னால் வந்த துப்பறியும் கதைகளிலும் நான் அதிகம் பார்த்ததில்லை.

புத்தகத்துக்குப் பணம் இல்லையே என்று தயங்க வேண்டாம். ஹோம்ஸ் கதைகளின் முதல் தொகுப்பும், செஸ்டர்டன் எழுதிய பாதிரியார் பிரவுனின் முதல் தொகுப்பும், எட்கர் ஆலன் போவின் டூப்பான் கதைகளும் புராஜெக்ட் குட்டன்பர்க் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. கைப்பேசியில் படிக்கலாம். கண் களைத்துப்போனால் லிப்ரிவாக்ஸ் தளத்தில் அவற்றை வாசித்துப் பதிவுசெய்திருக்கிறார்கள். ஈப்போவுக்கு ரயிலிலோ தொழிற்சாலை பஸ்ஸிலோ போகிறவர்கள் போய்வரும் நேரத்தில் ஒரு சிறுகதையைக் கேட்டு முடித்துவிடலாம். மற்றவற்றுக்குப் பொது நூலகம் போங்கள். துப்பறியும் வரிசை மலாய், ஆங்கிலம் இரண்டிலும் இருக்கும். இல்லாவிட்டால் கேட்டு வாங்கித் தரச் சொல்லுங்கள்.

இன்னொன்று. படிக்கப்போகும் கதையின் பெயரை இணையத்தில் தேடாதீர்கள். முதல் பத்தியிலேயே குற்றவாளியின் பெயரைப் போட்டுவைத்திருப்பார்கள்.

முதல் படி: ஹோம்ஸ், அதுவும் சிறுகதைகள்

ஆர்தர் கோனன் டாயில் ஹோம்ஸை வைத்து 4 நாவல்களும் 56 சிறுகதைகளும் எழுதினார். முதல் நாவல் 1887-இல் வந்தது. பலரும் அதிலேயே தொடங்கிச் சிக்கிக்கொள்கிறார்கள், ஏனென்றால் பாதிக்குமேல் கதை திடீரென்று அமெரிக்காவுக்குப் போய்விடுகிறது. அதை ஒதுக்கிவைத்துவிட்டு 1891-இல் ஸ்ட்ராண்ட் இதழில் தொடங்கிய சிறுகதைகளுக்குப் போங்கள். ஹோம்ஸை உலகம் அறிந்துகொண்டது அவற்றின் மூலம்தான்.

முதல் கதையாக ‘தி ரெட்-ஹெடட் லீக்’ எடுத்துக்கொள்ளுங்கள். செந்நிறத் தலைமுடி உள்ள ஒரு அடகுக்கடைக்காரருக்கு விசித்திரமான வேலை கிடைக்கிறது. தினமும் சில மணி நேரம் உட்கார்ந்து கலைக்களஞ்சியத்தைப் பார்த்து எழுத வேண்டும், வாரம் நான்கு பவுண்டு சம்பளம். ஒருநாள் போய்ப் பார்த்தால் சங்கமே கலைந்துவிட்டது என்று அட்டை தொங்குகிறது. ஹோம்ஸ் அந்தக் கடைக்குப் போய், தன் கைத்தடியால் நடைபாதையைத் தட்டிப் பார்க்கிறார். கடை உதவியாளரின் கால்சட்டை முழங்காலைப் பார்க்கிறார். அங்கே புத்தகத்தை மூடிவிட்டு உங்கள் மூன்று வரியை எழுதுங்கள். வேண்டிய எல்லாம் அதற்குள் உங்கள் கையில் வந்துவிட்டது. இந்த நேர்மைதான் டாயிலிடம் நான் மிகவும் மதிப்பது.

அடுத்து ‘சில்வர் பிளேஸ்’. காணாமல்போன பந்தயக் குதிரையின் கதை. அதில் ஒரு நாய் வருகிறது. நாய்மேல் ஒரு கண் வைத்திருங்கள், அதற்குமேல் சொல்ல மாட்டேன்.

ஹோம்ஸுக்கு முன்மாதிரி, எடின்பரோவில் டாயிலுக்கு மருத்துவம் சொல்லிக்கொடுத்த ஜோசப் பெல் என்ற மருத்துவர். நோயாளி வாயைத் திறக்குமுன்பே அவர் என்ன தொழில் செய்கிறார், எங்கிருந்து வருகிறார் என்று பெல் சொல்லிவிடுவாராம். இந்தப் பயிற்சியை நீங்களும் செய்துபார்க்கலாம். காலையில் ஒட்டுக்கடையில் தே தாரேக் குடிக்கும்போது, எதிர் மேசையில் இருப்பவர் செம்பனை வெட்டுகிறவரா, ரப்பர் பால் வெட்டுகிறவரா, லாரி ஓட்டுகிறவரா என்று கை, தோள், காலணி, துணியில் ஒட்டியிருக்கும் வாடை இவற்றை வைத்து ஊகியுங்கள். அப்புறம் பேச்சுக்கொடுத்துச் சரிபாருங்கள். ஹோம்ஸ் கதைகளில் சரிபார்ப்பது எளிதாகவே முடிந்துவிடும். நிஜத்தில் அப்படி இல்லை என்பதையும் அந்தப் பயிற்சி காட்டும்.

வாட்சனையும் கவனியுங்கள். ஆப்கானிஸ்தான் போரில் காயம்பட்டுத் திரும்பிய மருத்துவர். எல்லாவற்றையும் பார்க்கிறார், ஆனால் சேர்த்துப் பார்ப்பதில்லை. நமக்குக் கதை சொல்வது அவர்தான் என்பதால், ஹோம்ஸின் மனத்தில் இருப்பது கடைசிவரை நமக்கு மறைந்திருக்கிறது. இப்படி ஒரு நண்பரைக் கதை சொல்லவைக்கும் உத்தி உலகம் முழுக்கப் பரவியது. இனி வரும் படிகளில் அவரைப் பல பெயர்களில் சந்திப்பீர்கள். 

ஹோம்ஸ் கதைகளில் நம்மை உறுத்தும் பகுதி ஒன்று உண்டு. இந்தியாவும் அந்தமானும் அவற்றில் விஷமும் புதையலும் வன்மமும் வருகிற இடங்கள். ‘தி ஸ்பெக்கிள்ட் பேண்ட்’ கதையில் கல்கத்தாவில் இருந்துவிட்டு வந்த மருத்துவர் ஒருவர் இந்திய விலங்குகள் என்று ஒரு சிவிங்கிப்புலியையும் ஒரு பபூன் குரங்கையும் வளர்க்கிறார். பபூன் ஆப்பிரிக்காவிலும் அரேபியாவிலும் வாழும் குரங்கு, இந்தியாவில் கிடையாது. தொலைதூர நாடு என்றால் எதையும் சேர்த்துக்கொள்ளலாம் என்ற எண்ணம் எவ்வளவு இயல்பாக இருந்திருக்கிறது பாருங்கள். கதையை ரசியுங்கள், இதையும் நோட்டில் குறித்துவையுங்கள்.

ஹோம்ஸுக்கு முன்னோடி எட்கர் ஆலன் போ 1841-இல் உருவாக்கிய பாரிஸ்காரர் டூப்பான். மொத்தம் 3 கதைகள்தான். ‘தி பர்லாயிண்ட் லெட்டர்’ ஒன்றைப் படித்தால் இப்போதைக்குப் போதும்.

இரண்டாம் படி: சின்ன ஊரின் ஆட்கள்

தோட்டத்து லயத்தில் வாழ்ந்தவர்களுக்குத் தெரியும். யார் வீட்டு விளக்கு நேற்றிரவு அணையவில்லை, யார் மோட்டார் சைக்கிள் யார் வீட்டு வாசலில் நின்றது என்பதெல்லாம் காலைப் பெரட்டுக்கு (தொழிலாளர்களை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடுவதற்கு) முன்பே பரவிவிடும். அகதா கிறிஸ்டியின் மிஸ் மார்ப்பிள் இந்த அறிவை வைத்துத்தான் துப்பறிகிறார். செயின்ட் மேரி மீட் என்ற கற்பனைக் கிராமத்தில் பின்னல் ஊசியோடு உட்கார்ந்திருக்கும் கல்யாணமாகாத முதியவர். எந்தக் குற்றத்தைச் சொன்னாலும், ‘இது எங்கள் ஊரில் மீன் விற்கிறவரின் விஷயம் போல இருக்கிறதே’ என்கிற மாதிரி ஒரு பழைய சம்பவத்தை இழுப்பார். கேட்பவர்கள் அலட்சியப்படுத்துவார்கள். அவர் சொல்வதே சரியாக இருக்கும். மனித இயல்பு எங்கும் ஒன்றுதான், ஒரு சின்ன ஊரை முழுதாகத் தெரிந்துகொண்டவர் பெரிய ஊரின் குற்றத்தையும் புரிந்துகொள்வார் என்பது அவருடைய வழி. நம் ஊர்ப் பாட்டிமார்களுக்கு இந்தப் புத்தகங்களை யாராவது வாசித்துக்காட்ட வேண்டும் என்று எனக்கு நெடுநாள் ஆசை.

மார்ப்பிள் நாவல்களில் முதலாவது 1930-இல் வந்தது. ஆனால் நீங்கள் 1932-இல் வந்த ‘தி தர்ட்டீன் பிராப்ளம்ஸ்’ சிறுகதைத் தொகுப்பில் தொடங்குங்கள். சிலர் ஒன்றுகூடி, ஆளுக்கொரு மர்மத்தைச் சொல்ல, மற்றவர்கள் விடை தேடுவார்கள். கூட்டமாகப் படிக்க இதைவிடப் பொருத்தமான புத்தகம் எனக்குத் தெரியவில்லை.

கிறிஸ்டியின் இன்னொரு துப்பறிவாளர் எர்க்யூல் புவாரோ. முதல் உலகப்போரில் பெல்ஜியத்திலிருந்து இங்கிலாந்துக்கு வந்த அகதி. முட்டை வடிவத் தலை, மெழுகு தடவிய மீசை, எதிலும் ஒழுங்கு. ஆங்கிலேயர்கள் அவரை வேடிக்கையான வெளிநாட்டுக்காரர் என்று எண்ணி அவர் முன்னால் அசட்டையாகப் பேசிவிடுகிறார்கள். அதைத் தெரிந்துகொண்டே அவர் தன் ஆங்கிலத்தை இன்னும் கொஞ்சம் உடைத்துப் பேசுவார். வெளியூர்க்காரராக வாழ்ந்தவர்களுக்கு இது நன்றாகப் புரியும். 1975-இல் அவருடைய கடைசி வழக்கு வெளியாகவிருந்தபோது, நியூயார்க் டைம்ஸ் பத்திரிகை முதல் பக்கத்தில் அவருக்கு இரங்கல் செய்தி போட்டது. கற்பனை மனிதருக்கு அப்படி ஒரு மரியாதை. ‘மர்டர் ஆன் தி ஓரியண்ட் எக்ஸ்பிரஸ்’ (1934), ‘தி மர்டர் ஆஃப் ரோஜர் ஆக்ராய்ட்’ (1926) இரண்டையும் யாராவது முடிவைச் சொல்லிவிடுவதற்குள் சீக்கிரம் படித்துவிடுங்கள். படம் பார்ப்பதும் அப்புறம்தான்.

ஜி.கே. செஸ்டர்டனின் பாதிரியார் பிரவுன் பார்ப்பதற்கு ஒன்றுமில்லாத குட்டை மனிதர், கையில் எப்போதும் ஒரு பெரிய குடை. பாவமன்னிப்புக் கேட்க வருகிறவர்களிடம் உட்கார்ந்து உட்கார்ந்து மனிதனின் தீமை அவருக்கு அத்துபடி. குற்றவாளியாகத் தன்னையே கற்பனை செய்துபார்ப்பது அவருடைய முறை. ஹோம்ஸ் தடயத்தை வெளியே தேடுகிறார் என்றால் இவர் தன் உள்ளே தேடுகிறார். ‘தி புளூ கிராஸ்’ கதையில் தொடங்குங்கள்.

மூன்றாம் படி: ஆசியாவுக்கு வாருங்கள்

இந்தப் படியில் நிதானமாக நடக்கச் சொல்வேன். நமக்கு மிகவும் நெருக்கமானவர்கள் இங்கேதான் இருக்கிறார்கள்.

வங்காளத்தின் பியோம்கேஷ் பக்ஷி என் மனத்துக்கு மிகவும் பிடித்தவர். சரதிந்து பந்தோபாத்யாய் 1932-இல் அவரை எழுதத் தொடங்கினார். வேட்டி கட்டிய கல்கத்தாக்காரர். ‘துப்பறிவாளர்’ என்ற பட்டத்தை விரும்பாமல், தன்னைச் சத்தியத்தைத் தேடுகிறவன் என்று சொல்லிக்கொள்வார். நண்பர் அஜித் கதை சொல்கிறார். ஹோம்ஸ்-வாட்சன் ஏற்பாடு அப்படியே தெரியும். ஆனால் ஹோம்ஸ் கடைசிவரை தனியாள். பியோம்கேஷ் ஒரு வழக்கின்போது சந்தித்த சத்யவதியைக் கல்யாணம் செய்துகொண்டு, பிள்ளை பெற்று, வயதாகிறார். அவரைச் சுற்றி நாடும் மாறுகிறது. போர்க்காலம், 1946 கல்கத்தாக் கலவரம், சுதந்திரம் எல்லாம் வீட்டுக்குள் நடக்கும் குற்றங்களின் பின்னால் கேட்டுக்கொண்டே இருக்கும். அந்தக் குற்றங்களும் சொத்து, கூட்டுக்குடும்பம், கௌரவம் என்று நம் வீடுகளில் கேட்ட கதைகள் மாதிரியே இருக்கும். ஆங்கிலத்தில் ‘பிக்சர் இம்பர்ஃபெக்ட்’ என்ற தொகுப்பைத் தேடுங்கள். 1993-இல் தூர்தர்ஷனில் வந்த தொடரையும் பார்க்கலாம், ஆனால் கதைகளைப் படித்த பிறகு.

பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு ஃபெலுடா. சத்யஜித் ராய் தன் தாத்தா தொடங்கிய ‘சந்தேஷ்’ சிறுவர் இதழில் 1965-இல் எழுத ஆரம்பித்தார். ஃபெலுடா, அவருடைய ஒன்றுவிட்ட தம்பி தொப்ஷே, மசாலா நாவல் எழுதும் லால்மோகன் பாபு மூவரும் டார்ஜிலிங், ராஜஸ்தான், காசி என்று போய்க்கொண்டே இருப்பார்கள். முன்ஜென்மத்தில் தங்கக் கோட்டையைப் பார்த்ததாகச் சொல்லும் சிறுவனின் கதை ‘சோனார் கேல்லா’. 1974-இல் ராயே அதைப் படமாக எடுத்தார். இந்த வரிசை தமிழிலும் மொழிபெயர்க்கப்பட்டிருக்கிறது. பள்ளி நூலகத்துக்கு வாங்கிப்போடத் தகுந்தது.

நீதிபதி டீ கதை வேறு. அவர் உண்மையில் வாழ்ந்தவர். தி ரென்ஜியே என்ற தாங் வம்சத்து அமைச்சர், 7-ஆம் நூற்றாண்டு. அவரை வைத்துச் சீனத்தில் எழுதப்பட்ட ஒரு பழைய நாவலை ராபர்ட் வான் கூலிக் என்ற டச்சு அரசதந்திரி ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார், பிறகு தானே புதுக் கதைகள் எழுதினார். இந்த வான் கூலிக் 1959 முதல் 1962 வரை கோலாலம்பூரில் தூதராக இருந்தார். நீதிபதி டீ வரிசையில் சில புத்தகங்கள் முதன்முதலில் அச்சானது கோலாலம்பூரில்தான். வீட்டில் கிப்பன் குரங்குகளை வளர்த்து, அவற்றைப் பற்றி ஓர் ஆய்வு நூலும் எழுதினார். நம் நாட்டுத் தலைநகரிலிருந்து உலக வாசகர்களுக்குப் போன துப்பறிவாளர் இவர். இங்கே எத்தனை பேருக்கு இது தெரியும்!

படிக்கும்போது ஒன்றை மனத்தில் வையுங்கள். டீ தன் மாவட்டத்துக்குப் போலீஸ், வழக்கறிஞர், நீதிபதி மூன்றும் அவரே. சொந்த ஊரில் அவருக்குப் பதவி கிடையாது. சில வருடத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுவார்கள். அதனால் ஒவ்வொரு நாவலிலும் தெரியாத ஊருக்குள் தெரியாதவராக நுழைகிறார். ஒரே சமயத்தில் மூன்று வழக்குகள் பின்னிக்கொண்டு ஓடும். குற்றவாளி வாயால் ஒப்புக்கொள்ளாமல் தண்டனை தர முடியாது, ஆகவே வதைத்து வாக்குமூலம் வாங்கும் காட்சிகளும் வருகின்றன. பழைய சீனக் கதைகளில் குற்றவாளி யார் என்பது ஆரம்பத்திலேயே தெரிந்துவிடும். நீதிபதி அவனை எப்படி மடக்குகிறார் என்பதுதான் சுவை. நம் மரியாதை ராமன் கதைகளில் தீர்ப்பு சொல்லும் சாமர்த்தியத்தை ரசித்தவர்களுக்கு இது உடனே பிடித்துப்போகும். வான் கூலிக் இக்கால வாசகருக்காக அந்த மர்மத்தைக் கடைசிக்குத் தள்ளினார். ‘ஜட்ஜ் டீ அட் வொர்க்’ என்ற எட்டுக் கதைத் தொகுப்பில் தொடங்குவது எளிது. அப்படியே உங்கள் சீன அண்டைவீட்டாரிடம் நீதிபதி பாவைப் பற்றிக் கேளுங்கள். கருத்த முகம், நெற்றியில் பிறை. 1990-களில் அந்தத் தைவான் தொடரைப் பார்க்காத சீனர் வீடு நம் ஊரில் இருந்திருக்காது என்றே நினைக்கிறேன். தேநீர் ஆறுவதற்குள் நான்கு கதையாவது கிடைக்கும்.

ஜப்பானுக்கு உங்கள் பிள்ளைகளே வழிகாட்டுவார்கள். சிறுவனாகச் சுருங்கிப்போன உயர்நிலைப்பள்ளித் துப்பறிவாளன் கோனன் 1994 முதல் காமிக்ஸில் வருகிறான். அவன் தனக்குச் சூட்டிக்கொள்ளும் ‘எதோகாவா கோனன்’ என்ற பெயரில் பாதி கோனன் டாயிலுடையது, பாதி எதோகாவா ரம்போவுடையது. ரம்போ 1925-இல் அகெச்சி கொகோரோ என்ற துப்பறிவாளரை உருவாக்கியவர். அவருடைய புனைபெயரே எட்கர் ஆலன் போவின் பெயரை ஜப்பானிய உச்சரிப்பில் சொல்வது. பாரிஸில் கதை வைத்த அமெரிக்கரிடமிருந்து தோக்கியோவுக்கும், அங்கிருந்து நம் வீட்டுத் தொலைக்காட்சிக்கும் இந்தக் கலை வந்து சேர்ந்த பாதை அந்த ஒரு பெயரில் இருக்கிறது.

நான்காம் படி: பொறுமைசாலிகள்

இதுவரை புத்திசாலித்தனம். இனி அவசரப்படாதவர்கள்.

பாரிஸ் போலீஸ் அதிகாரி மெக்ரேயைப் படைத்த ஜார்ஜ் சிமெனோன் பெல்ஜியத்தில் பிறந்தவர். 1931-இல் தொடங்கி 1972 வரை 75 நாவல்கள் எழுதினார். பெரும்பாலானவை இருநூறு பக்கத்துக்குள் முடியும். மெக்ரே குற்றம் நடந்த இடத்துக்குப் போய், பக்கத்து மதுக்கடையில் உட்கார்ந்து, குழாய் புகைத்து, அந்தத் தெருவின் வாடையும் பேச்சும் தன்னுள் இறங்கும்வரை இருப்பார். யார் என்று தெரிந்த பிறகும் ஏன் என்று தெரியாமல் அவருக்கு மனம் ஆறாது. முடிவில் குற்றவாளிமேல் இரக்கம் வந்துவிடும். மேலே சொன்ன நோட்டுப் பயிற்சி இவருடைய கதைகளுக்கு வேண்டாம். இவை ஊகிக்கும் கதைகள் அல்ல.

ரத்தமே வேண்டாம் என்பவர்களுக்கு போட்ஸ்வானாவின் பிரீசியஸ் ரமோட்ஸ்வே. ஸ்காட்லாந்துக்காரரான அலெக்ஸாண்டர் மெக்கால் ஸ்மித் 1998-இல் எழுதிய ‘தி நம்பர் ஒன் லேடீஸ் டிடெக்டிவ் ஏஜென்சி’. அப்பா விட்டுப்போன மாடுகளை விற்று, தலைநகர் காபரோனியில் ஒரு பெண் துப்பறியும் நிறுவனம் தொடங்குகிறார். ஒரு சின்ன வெள்ளை வேன், செந்நிற மூலிகைத் தேநீர், ஒரு செயலாளர். ஓடிப்போன கணவன், திடீரென்று வந்து நிற்கும் போலி அப்பா மாதிரியான வழக்குகள்.

இதில் ஆரம்பத்திலேயே அப்பா ஓபெட் தன் வாழ்க்கையைத் தானே சொல்லும் அத்தியாயம் ஒன்று உண்டு. தென்னாப்பிரிக்கச் சுரங்கத்துக்கு ஒப்பந்த வேலைக்குப் போய், பூமிக்கடியில் வருடக்கணக்காக உழைத்து, நெஞ்சில் தூசியோடு திரும்பியவர். சம்பாதித்ததையெல்லாம் மாடாக்கி மகளுக்கு வைத்தார். கப்பலேறி வந்து காடு வெட்டி, பால்மரம் நட்டவர்களின் பேரப்பிள்ளைகளான நாம் இந்தப் பக்கங்களை வேகமாகக் கடந்துபோக முடியாது. எங்கள் கூட்டத்தில் இந்த அத்தியாயத்தைப் பேசியபோது வழக்குகளைப் பற்றிப் பேச நேரமே மிஞ்சவில்லை. ஒரு துப்பறியும் கதையால் இதையும் செய்ய முடிகிறது.

சிசிலியின் மொந்தல்பானோ (1994), சுவீடனின் மார்ட்டின் பெக் (1965) இருவரும் இதே வகை. மொந்தல்பானோவைப் படித்தால் பசிக்கும். நல்ல மீன் சாப்பாட்டை யாராவது குலைத்தால் அவருக்குக் கோபம் வந்துவிடும்.

ஐந்தாம் படி: நம் பக்கம்

தமிழில் தேவன் ஆனந்த விகடனில் எழுதிய சாம்பு, தமிழ்வாணனின் சங்கர்லால், சுஜாதாவின் கணேஷும் வசந்தும், ராஜேஷ்குமாரின் விவேக்கும் ரூபலாவும். பழைய பத்திரிகைக் கடைகளில் தொங்கிய மாத நாவல்கள் வழியாக நம் பெற்றோருக்கு இவர்களில் பலர் அறிமுகம். புதிதாக வருகிறவர்களுக்கு என் பரிந்துரை கணேஷ்-வசந்த். கணேஷ் 1968-இல் ‘நைலான் கயிறு’ தொடரில் வந்தவர். வசந்த் பிறகு சேர்ந்தவர். இருவரும் வக்கீல்கள் என்பதால், கண்டுபிடித்ததோடு வேலை முடிவதில்லை. நீதிமன்றத்தில் நிற்குமா என்றும் யோசிப்பார்கள்.

நம் மண்ணில் நடக்கும் கதைகளுக்கு இரண்டு புத்தகம். ஒன்று, மலேசியாவில் பிறந்த ஷாமினி ஃபிளின்ட் 2009-இல் எழுதிய ‘எ மோஸ்ட் பெக்கூலியர் மலேசியன் மர்டர்’. சிங்கப்பூரின் சீக்கிய இன்ஸ்பெக்டர் சிங், தொப்பையும் தலைப்பாகையும் வெள்ளை ரப்பர் காலணியுமாகக் கோலாலம்பூருக்கு வருகிறார். சிவில் நீதிமன்றமும் ஷரியா நீதிமன்றமும் அடுத்தடுத்து இருக்கும் நாட்டில் ஒரு குடும்ப வழக்கு எப்படிச் சிக்கலாகும் என்பதை வெளிநாட்டு வாசகரைவிட நாம் நன்றாக உணர்வோம்.

இன்னொன்று சோமர்செட் மாமின் ‘ஃபுட்பிரிண்ட்ஸ் இன் தி ஜங்கிள்’, 1933 தொகுப்பில் உள்ளது. ரப்பர் தோட்டத்துத் துரை ஒருவர் தொழிலாளர் சம்பளப் பணத்தோடு சைக்கிளில் வரும்போது கொல்லப்படுகிறார். ஒரு போலீஸ் அதிகாரி அதைப் பல வருடம் கழித்துக் கிளப்பில் உட்கார்ந்து சொல்கிறார். நுட்பமான கதை. ஆனால் தோட்டத்தில் வேலை செய்தவர்கள் பெயரில்லாத கூட்டமாகவே வந்து போகிறார்கள். அவர்களும் பார்த்திருப்பார்கள், அவர்களுக்கும் தெரிந்திருக்கும். யாரும் உட்கார்ந்து கேட்கவில்லை.

சுங்கை சிப்புட்டின் பெயர் வரலாற்றில் ஏறியதும் கொலைகளால்தான். 1948 ஜூன் 16 காலை இங்கே மூன்று ஐரோப்பியத் தோட்ட அதிகாரிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதைத் தொடர்ந்து அவசரகாலம் வந்தது. அதைத் துப்பறியும் கதை போல ‘இவர்தான்’ என்று சொல்லி மூடிவிட முடியாது. அதன் பின்னால் போர் முடிந்தபின் வந்த வறுமை, கூலிப் போராட்டம், கம்யூனிஸ்ட் கட்சி, காலனி ஆட்சி எல்லாம் இருக்கின்றன. ஆனாலும் லயத்துக்கு லயம் போய்க் கேட்கிற ஒரு துப்பறிவாளரை யாராவது தமிழில் எழுத வேண்டும். பெரட்டுக் களம், கிராணியின் கணக்குப் புத்தகம், மாரியம்மன் திருவிழா, வேலி ஓரத்து மரவள்ளித் தோட்டம் என்று துப்புக்கு நம்மிடம் குறைவில்லை. நான்கு படியையும் ஏறிவந்தவர்கள் அதைச் செய்யத் தயாரானவர்கள் என்பது என் நம்பிக்கை.

கூட்டமாகப் படிக்க

ஆறேழு பேர் போதும். இரண்டு மணி நேரத்தில் முடியும் ஒரு சிறுகதை. முதல் கூட்டத்துக்கு ‘தி புளூ கிராஸ்’ வைத்துக்கொள்ளுங்கள். பாரிஸ் போலீஸ் தலைவர் வாலன்டின் ஒரு திருடனைத் தேடி லண்டனில் அலைகிறார். ஓர் உணவகத்தில் சர்க்கரைக் கிண்ணத்தில் உப்பு இருக்கிறது, சுவரில் சூப் கொட்டியிருக்கிறது, ஒரு கடையில் பழத்துக்கு வைத்த அட்டைகள் மாறியிருக்கின்றன. ஒருவர் உரக்க வாசிக்க, மற்றவர்கள் கேளுங்கள். கடினமான இடங்களை வாசிப்பவர் அங்கங்கே தமிழில் சொல்லிக்கொண்டே போகலாம். மலாயில் சொன்னால் புரிகிற பிள்ளைகளுக்கு மலாயில். வாலன்டின் ஹாம்ப்ஸ்டெட் மேட்டுவெளியை அடையும் இடத்தில் நிறுத்திவிட்டுக் கால் மணி நேரம் கொடுங்கள். எல்லோரும் தங்கள் மூன்று வரியை எழுதி மடித்து வைக்கட்டும். தேநீர் குடித்துவிட்டு மீதியை வாசியுங்கள், அப்புறம் தாள்களைப் பிரியுங்கள்.

விடை சரியா தவறா என்பதற்கு மதிப்பெண் வேண்டாம். ஆதாரமாக எதைக் காட்டினார்கள் என்பதைப் பேசுங்கள். தவறான விடைக்கு நல்ல ஆதாரம் காட்டியவரிடம்தான் பேச்சு வெகுநேரம் நிற்கும். கதையை ஏற்கெனவே படித்தவர் இருந்தால் வாசிக்கும் பொறுப்பை அவரிடம் கொடுத்துவிடுங்கள். வாசிப்பவர் ஊகம் சொல்வதில்லை என்று முதலிலேயே பேசி வைத்துக்கொள்ளலாம்.